இரவல் குரலும் சொந்த வாக்கியமும்

நாம் பணிபுரியும் கல்லூரியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆண்டு விழாவுக்காக ஆங்கிலத் துறையினர் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்திலிருந்து நீதிமன்றக் காட்சியை மட்டும் மேடையேற்ற முனைந்திருந்தனர். விழாவுக்கு நான்கு நாட்களே இருக்கையில், போர்ஷியாவாக நடிக்க வேண்டிய மாணவிக்கு அம்மை கண்டுவிட்டது. காட்சியைக் கைவிடுவதென்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட வேளையில், தமிழ்த்துறையில் இளங்கலை இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நம் அறை வாசலில் வந்து நின்றாள். “அந்த வசனம் பூரா எனக்குத் தெரியுங்கய்யா” என்றாள். ஒத்திகை நடந்த கூடத்துக்கு அடுத்திருந்த நூலகத்தில் உட்கார்ந்து நாள்தோறும் கேட்டிருக்கிறாள். இரவில் விடுதியில் கைப்பேசியின் வழியாக அதே நாடகத்தின் ஒலிப்பதிவை இணையத்தில் தேடியெடுத்து, கூடவே முணுமுணுத்திருக்கிறாள். கொள்ளிடக்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவள். ஆங்கில வகுப்பில் வருகைப்பதிவுக்கு அன்றி வாய் திறவாதவள் என்று பெயரெடுத்தவள். விழா நாளன்று கருணையைப் பற்றிய அந்த நெடிய உரையை அவள் பேசி முடித்தபோது அரங்கில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகுதான் கைதட்டல் எழுந்தது.

மூன்று வாரம் கழித்து, வேலைக்கு ஆளெடுக்க ஒரு நிறுவனத்தார் கல்லூரிக்கு வந்தனர். உங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொல்லுங்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியமும் எழவில்லை. வெளியே வந்தவள் மரத்தடியில் நின்று நம்மிடம் சொன்னாள்: “போர்ஷியாவுக்கு வந்த இங்கிலீஷு எனக்கு வரலைங்கய்யா.”

அந்தச் சொல் நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. வாசித்தும் நடித்தும் ஆங்கிலம் பழகுவது நம் நாட்டில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுப் பழக்கம். அவ்வழியில் நடந்தவர்கள் எந்த இடத்தில் நின்றார்கள், எந்த இடத்தில் தாண்டினார்கள் என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஏதேனும் கிட்டுமா என்று தேடினோம். அத்தேடலே இக்கட்டுரை.

அகதிகளின் அங்காடிப் பேச்சு

மொழியை நடித்துக் கற்பது ஆங்கிலேயர் இந்தியாவுக்கென்று கண்டுபிடித்த முறை அன்று. பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பெருமை பெற்றிருந்த மொழி இலத்தீன். சிறுவர்களின் நாக்கில் இலத்தீன் படிவதற்காக பிளாட்டஸ், டெரன்ஸ் ஆகியோரின் நகைச்சுவை நாடகங்களை நடிக்கவைத்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்கு எலிசபெத் அரசி 1560இல் வகுத்த விதிகளில், ஆண்டுதோறும் இலத்தீன் நாடகம் நடத்தப்பட வேண்டும் என்பதும் ஒன்று. ஷேக்ஸ்பியரின் தலைமுறையே இரவல் மொழியை மேடையில் பழகிய தலைமுறைதான்.

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்க வேண்டிய நெருக்கடி வந்தது வேறு சிலருக்கு. பிரான்சில் 1572ஆம் ஆண்டுப் படுகொலைக்குப் பின் ஹியூகனாட் எனப்படும் சீர்திருத்தக் கிறித்தவர் பலர் கடல்கடந்து இலண்டனில் தஞ்சம் புகுந்தனர். நெசவாளர், கைவினைஞர், சிறுவணிகர். அவர்களுக்காக ஜாக் பெல்லோ என்ற ஆசிரியர் 1586இல் உரையாடல் நூலொன்றை வெளியிட்டார். அதில் ஒரு பத்தியில் ஆங்கிலம், அடுத்ததில் பிரெஞ்சு, மூன்றாவதில் அந்த ஆங்கிலத்தைப் பிரெஞ்சுக்காரர் எப்படி ஒலிக்க வேண்டும் என்ற எழுத்துக்கூட்டல். உள்ளடக்கம் என்ன? காலையில் எழுவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, மீன்கடையிலும் இறைச்சிக்கடையிலும் பேரம் பேசுவது, விருந்துக்கு வந்தவர்களோடு அளவளாவுவது. ஒரு நாள் வாழ்க்கையே அங்கங்களாகப் பிரிந்து நாடகமாகிறது.

இந்நூலும் ஒருவகையில் நாடகப் பிரதியே. ஆனால் இதில் கற்பவர் ஏற்கும் வேடம் அவருடைய சொந்த வேடம். இலண்டன் கடைத்தெருவில் மீன் வாங்கும் அகதி, நூலில் மீன் வாங்கும் அகதியாகவே பேசுகிறார். இரவல் வசனத்துக்கும் சொந்த வாழ்க்கைக்கும் இடையே தொலைவு குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1604ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஷேக்ஸ்பியர் இலண்டனின் சில்வர் தெருவில் குடியிருந்தது மௌன்ட்ஜாய் என்ற ஹியூகனாட் குடும்பத்தின் வீட்டில். மகளிர்க்குத் தலையணிகள் செய்யும் குடும்பம் அது. அக்குடும்ப வழக்கொன்றில் 1612இல் அவர் அளித்த சாட்சியம் இன்றும் ஆவணமாக இருக்கிறது. உலகமே ஆங்கிலம் கற்க எவருடைய வசனங்களை ஒப்பித்ததோ, அவர் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்றவர்களின் மாடியில் வாழ்ந்தவர்.

கல்கத்தாவில் அரங்கேறிய உச்சரிப்பு

இந்தியாவுக்கு வருவோம். வங்காளத்துச் செராம்பூரில் 1797இல் ஜான் மில்லர் என்பவர் வங்காளிகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நூலொன்றை அச்சிட்டார். இவ்வகையில் நமக்குத் தெரிந்த தொடக்கக்கால நூல்களுள் அது ஒன்று. இருபது ஆண்டு கழித்து, 1817 ஜனவரியில், கல்கத்தாவில் இந்துக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர்கள் நகரத்துச் செல்வர்களும், கடிகாரத் தொழிலராக வந்து அவ்வூரிலேயே தங்கிவிட்ட டேவிட் ஹேரும். அரசாங்கம் ஆங்கிலக் கல்விக்கு முடிவெடுத்தது 1835இல். இக்கல்லூரியோ அதற்குப் பதினெட்டு ஆண்டு முன்பே மக்கள் தாமே பணம் திரட்டித் தொடங்கியது. இதை மறந்துவிட்டு எல்லாப் பழியையும் மெக்காலேயின் தலையில் சுமத்துவது எளிது. ஆனால் முழு உண்மை ஆகாது.

இக்கல்லூரியில் 1826இல் ஆசிரியராகச் சேர்ந்த ஹென்றி டெரோசியோவுக்கு அப்போது வயது பதினேழு. 1831இல் கல்லூரியிலிருந்து விலக நேர்ந்து, அவ்வாண்டு இறுதியிலேயே காலராவில் மறைந்தார். இடைப்பட்ட ஐந்தாண்டில் அவர் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது வாதிடுவதை. பின்னர் வந்த கேப்டன் டி.எல். ரிச்சர்ட்சன் கற்றுக்கொடுத்தது ஷேக்ஸ்பியரைச் சத்தமிட்டு வாசிப்பதை. இந்தியாவில் கண்ட மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் ரிச்சர்ட்சன் ஷேக்ஸ்பியர் வாசித்ததை மறக்க மாட்டேன் என்ற பொருளில் மெக்காலே சொன்னதாகக் கூறுவர். அந்த வாசிப்பைக் கேட்ட மாணவர்கள் அதையே தம் குரலில் திரும்பச் சொல்லிப் பழகினர். பரிசளிப்பு விழாக்களில் ஷேக்ஸ்பியர் காட்சிகளை ஒப்பிப்பது வழக்கமாயிற்று.

அங்கிருந்து மேடைக்குச் செல்ல ஓர் எட்டுதான். 1831 டிசம்பரில் பிரசன்ன குமார் தாகூர் தம் தோட்டவீட்டில் ‘இந்து நாடக அரங்கு’ ஒன்றைத் திறந்தார். அன்று நடிக்கப்பட்டவை இரண்டு. ஒன்று, ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தின் ஒரு பகுதி. மற்றொன்று, பவபூதியின் ‘உத்தரராமசரிதம்’. ஆனால் வடமொழியிலோ வங்காளியிலோ அன்று, எச்.எச். வில்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பில். இராமனும் சீதையும் வங்காள இளைஞர் வாயால் ஆங்கிலம் பேசினர். பார்த்தவர்களும் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற இந்தியரும் ஐரோப்பியருமே. நம் கதையை நமக்கே இரவல் குரலில் சொல்லிக்கொண்ட அந்தக் காட்சியைக் கண்முன் நிறுத்திப் பார்க்கையில், சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

1848 ஆகஸ்டில் இன்னும் ஒருபடி மேலே. கல்கத்தாவின் சான் சூசி அரங்கில் ஆங்கில நடிகர்களுக்கு நடுவே ஒதெல்லோவாக வந்தவர் வைஷ்ணவசரண் ஆட்யா என்ற வங்காளி. டெஸ்டிமோனாவாக நடித்தவர் ஆங்கிலப் பெண்மணி. அந்நாளைய கல்கத்தாவில் இது பெரும் பரபரப்பு. ஆனால் ஆங்கிலப் பத்திரிகையில் வந்த மதிப்புரை கவனித்தது எதை? ஒரு சுதேசிக்கு இவ்வளவு நல்ல உச்சரிப்பா என்பதை. ஒதெல்லோவின் துயரத்தை அவர் எப்படி உணர்த்தினார் என்பது பின்னுக்குப் போயிற்று. தேர்வாளரின் காதுகொண்டு நாடகம் பார்த்தார்கள். நம் மாணவிக்குக் கிடைத்த கைதட்டலில் பாதி இந்த வகையைச் சேர்ந்தது என்று நாம் ஐயுறுகிறோம்.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அரசுப் பணிகளில் ஆங்கிலம் கற்றவர்க்கு முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபு 1844இல் அறிவித்தார். அதன்பின் ஆங்கிலம் என்பது சோறு. சோற்றுக்கான மொழியைத் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சத்தில், தவறே நேராத ஒரே வழியாகிய மனப்பாடத்தை நம்மவர் பற்றிக்கொண்டனர். அந்தப் பிடி இன்னும் தளரவில்லை.

சென்னைக்கு வந்த கவிஞர்

இரவல் குரலின் உச்சிக்கும் சென்று, அங்கிருந்து திரும்பவும் தெரிந்தவர் மைக்கேல் மதுசூதன் தத்தர். 1824இல் பிறந்து, இந்துக் கல்லூரியில் ரிச்சர்ட்சனின் மாணவராக வளர்ந்து, ஆங்கிலத்தில் பெருங்கவியாக வேண்டும் என்பதையே வாழ்வின் இலக்காகக் கொண்டவர். 1843இல் கிறித்தவரானார். 1848இல் சென்னைக்கு வந்து, அநாதைச் சிறுவர் பள்ளியொன்றில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் எட்டாண்டு வாழ்ந்தார். இங்கேதான் 1849இல் ‘சிறைப்பட்ட சீமாட்டி’ என்ற பொருள் தரும் தம் ஆங்கிலக் காவியத்தை அச்சிட்டார். அதன் படியொன்று கல்கத்தாவில் கல்விச் சபைத் தலைவராக இருந்த பெத்யூனிடம் சென்றது. ஆங்கிலத்தில் பெற்ற பயிற்சியையும் சுவையையும் உம் தாய்மொழிக்குச் செலவிடும் என்ற அறிவுரையே பதிலாக வந்தது.

அறிவுரை கசந்திருக்கும். ஆனால் சென்னையிலிருந்து நண்பருக்கு எழுதிய மடலொன்றில் மதுசூதனர் தம் அன்றாடப் பாடவேளையைக் குறிக்கிறார்: காலையில் எபிரேயம், பள்ளிப் பணி, பின் கிரேக்கம், தெலுங்கும் வடமொழியும், மாலையில் இலத்தீன், இரவில் ஆங்கிலம். இவ்வளவும் தம் முன்னோரின் மொழியை அழகுபடுத்துவதற்கான ஆயத்தம் அல்லவா என்றும் அம்மடலிலேயே கேட்கிறார். ஆங்கிலம் அங்கே இலக்கு என்ற நிலையிலிருந்து இறங்கிக் கருவியாகிறது.

1856இல் கல்கத்தா திரும்பினார். 1858இல் பெல்காச்சியா அரங்கில் ‘ரத்னாவளி’ வங்காளியில் நடந்தபோது, ஐரோப்பிய விருந்தினர்க்காக அதை ஆங்கிலப்படுத்தும் பணி அவருக்கு வந்தது. மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, இதைவிட நல்ல நாடகம் வங்காளிக்கு வேண்டும் என்ற எண்ணம் முற்றி, ‘சர்மிஷ்டா’வை எழுதினார். 1861இல் ‘மேகநாதவதம்’ வந்தது. மில்டனிடம் பயின்ற எதுகையற்ற செய்யுள், வங்காளியின் சொந்த மூச்சாக மாறியது. அவருடைய ஆங்கிலக் காவியத்தை இன்று ஆய்வாளர் மட்டுமே தேடுவர். மேகநாதன் வங்காளிகளின் நெஞ்சில் இருக்கிறான்.

1891

மதுசூதனர் மறைந்தது 1873 ஜூனில். அதே ஆண்டு பிப்ரவரியில் பிறந்தவர் பம்மல் சம்பந்த முதலியார். அவருடைய நினைவுக் குறிப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும்: இளமையில் தமிழ்க் கூத்துகளையும் நாடகங்களையும் அவர் மதித்ததில்லை. ஆங்கிலக் கல்வி பெற்ற சென்னை இளைஞர்க்கு அது அன்று இயல்பு. 1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் குழு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தியது. படித்தவர்கள், வழக்கறிஞர்கள், தம் மொழியில் மேடையேறி நடித்தனர். அதைக் கண்ட பத்தொன்பது வயது கூட நிரம்பாத சம்பந்தம், அவ்வாண்டே நண்பர்களோடு சுகுணவிலாச சபையைத் தொடங்கினார்.

அச்சபையில் ஆங்கில நாடகங்களும் நடந்தன. ஆனால் அதன் உயிர் வேறிடத்தில் இருந்தது. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆகவும், மாக்பெத்தை ‘மகபதி’யாகவும், வெனிஸ் வணிகனை ‘வாணீபுர வணிக’னாகவும் சம்பந்த முதலியார் தமிழாக்கினார். அமலாதித்யனாகத் தாமே நடித்தார். ஹாம்லெட்டின் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் எப்படிச் சொன்னால் தமிழ்ச் சபையோருக்குச் சுருக்கென்று படும் என்று எண்ணியெண்ணித் துருவியவர், அந்த ஆங்கிலத்தை வெறுமே ஒப்பித்தவர்களைவிட ஆழமாகக் கற்றிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் வகுப்பில் கண்டதும் அதுவே. மொழிபெயர்க்க முற்படும்போதுதான், நமக்குத் தெரியும் என்று நினைத்திருந்த சொல் தெரியாது என்பது தெரியவருகிறது.

1891 வேறொரு வகையிலும் தமிழுக்கு நல்ல ஆண்டு. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாடலொன்றைத் தழுவி, பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டதும் அவ்வாண்டில்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரிடம் பயின்றுகொண்டிருந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார், அடுத்த ஆண்டு பட்டம் பெற்றார். மில்லர் வகுப்பில் டென்னிசனை நடத்துகையில், படகின் துடுப்பையும் அன்னத்தின் சிறகையும் இணைத்த உவமையை வியந்து, இத்தகையது உங்கள் மொழியில் உண்டா என்று கேட்டதாகவும், மாணவர் எழுந்து, குகன் செலுத்திய ஓடம் அன்னநடை பயின்றதைக் கம்பன் பாடிய இடத்தைச் சொன்னதாகவும் ஒரு செய்தி வழிவழியாக வழங்கிவருகிறது. இந்தச் செய்தியைத் தமிழாசிரியர்கள் தமிழின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வதுண்டு. நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ் மாணவன் ஒப்பிக்காமல் பேசிய தருணம் அது. அவனிடம் சொல்வதற்குத் தன்னுடையது என்று ஒன்று இருந்தது. அம்மாணவரே பின்னாளில் பரிதிமாற் கலைஞரானார். ‘ரூபாவதி’, ‘கலாவதி’ ஆகிய நாடகங்களையும், ‘நாடகவியல்’ என்ற இலக்கணத்தையும் எழுதினார்.

பெல் என்றொரு பெயர்

மேடை நாடகத்துக்கு வெளியே, வாழ்க்கையையே மேடையாக்கிக்கொண்டு ஆங்கிலம் பழகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1888இல் இலண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி, ஆங்கிலக் கனவானாக மாறும் ஆசையில் நடனம் பழகினார், வயலின் வாங்கினார், பேச்சுக்கலை ஆசிரியர் ஒருவரிடமும் சேர்ந்தார். பாடநூல், பெல் எழுதிய பேச்சுக்கலை நூல். முதற்பாடம், பிட் என்ற அரசியல் தலைவரின் உரை. சில மாதங்களில் அந்த மயக்கம் தெளிந்து அனைத்தையும் விட்டுவிட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

பிறகு அவருக்கு ஆங்கிலம் எப்படி வந்தது? செய்தித்தாள்களை அன்றாடம் வாசித்தார். சைவ உணவாளர் சங்கத்தில் சேர்ந்தார். அங்கும் பேச்சு உடனே வந்துவிடவில்லை. எழுதிச் சென்ற உரையை எழுந்து படிக்க முடியாமல் வேறொருவர் படிக்க நேர்ந்தது. விடைபெறும் விருந்தில் முதல் வாக்கியத்தைத் தாண்ட இயலவில்லை. ஆனால் 1891இல் அச்சங்கத்தின் ஏட்டில், இந்தியச் சைவ உணவாளர்களைப் பற்றியும் இந்தியத் திருவிழாக்களைப் பற்றியும் தொடர்ந்து எழுதினார். பிட் துரையின் உரை தராததை, தம் வீட்டு உணவைப் பற்றிய எளிய வாக்கியங்கள் தந்தன. பின்னாளில் உலகமே காதுகொடுத்த அந்த அலங்காரமற்ற ஆங்கிலத்தின் விதை அங்கே இருக்கிறது. தம் முதன்மையான நூல்களை அவர் குஜராத்தியில்தான் எழுதினார் என்பதையும் உடன்வைத்து நினைக்க வேண்டும்.

காந்தி வாங்கிய அந்நூலை எழுதியவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் மெல்வில் பெல். ஒலிகளை வரிவடிவில் காட்டும் எழுத்துமுறையொன்றை வகுத்தவரும் அவரே. அவருடைய மகன் கிரஹாம் பெல் தொலைபேசியைச் செய்தார். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் பிரேசில் பேரரசர் கருவியைக் காதில் வைத்தபோது, கம்பியின் மறுமுனையிலிருந்து பெல் ஒப்பித்தது ஹாம்லெட்டின் தன்னுரையை என்பர். தந்தை மேடைக்குப் பழக்கிய குரலை மகன் கம்பியில் ஏற்றினார். இன்று கைப்பேசியில் ஆங்கிலம் பழகும் நம் மாணவிவரை நீளும் கம்பி அது.

இரவல் உச்சரிப்பின் கதையை பெர்னார்ட் ஷா நாடகமாகவே எழுதினார். ‘பிக்மாலியன்’ 1913இல் முதன்முதலாக மேடையேறியது வியன்னாவில், அதுவும் ஜெர்மன் மொழியில். தெருவில் பூ விற்கும் எலைசாவுக்கு ஒலிநூல் பேராசிரியர் சீமாட்டிகளின் உச்சரிப்பைப் பழக்குகிறார். ஒரு விருந்தில் பழுதற்ற உச்சரிப்போடு வானிலை பற்றிய பாடத்தை ஒப்பிக்கிறாள், எல்லாம் நன்று. பேச்சு நீண்டதும், தன் அத்தை செத்த கதையைத் தன் தெருவின் சொற்களாலேயே, அதே பழுதற்ற உச்சரிப்பில் சொல்லத் தொடங்குகிறாள். அவையோர் திகைக்கிறார்கள். நம் வாசகர்கள் பலர் இதை வெறும் நகைச்சுவையாகக் கண்டிருக்கலாம். நமக்கோ, அந்த நாடகத்தில் எலைசா முதன்முதலாக உண்மையில் பேசிய இடம் அதுவே என்று தோன்றுகிறது.

கம்பிவழிக் கற்றல்

பிபிசி 1943இல் வானொலிவழி ஆங்கிலப் பாடங்களைத் தொடங்கியது. எலக்ட்ரானிக் நூல்களின் குட்டன்பர்க் திட்டம் 1971இல் தோன்றியது. தன்னார்வலர் நூல்களைச் சத்தமிட்டு வாசித்துப் பதியும் லிப்ரிவாக்ஸ் 2005இல் வந்தது. ரிச்சர்ட்சனின் வகுப்பு அன்று கல்கத்தாவில் சில பத்துப் பேருக்கே கிடைத்தது. இன்று கொள்ளிடக்கரையில், இரவு பதினொரு மணிக்கு, போர்வைக்குள் கிடைக்கிறது. இது சிறிய செய்தி அன்று. பிறர் முன் தவறிழைக்கும் கூச்சமே நம் பிள்ளைகளின் வாய்ப்பூட்டு. அந்தப் பூட்டைத் தனிமை திறக்கிறது, வேடமும் திறக்கிறது. தவறு செய்தால் அது போர்ஷியாவின் தவறு, என்னுடையது அன்று என்ற நிம்மதி வேடத்தில் இருக்கிறது.

ஆனால் பூட்டைத் திறந்ததும் உள்ளே போக வேண்டும் அல்லவா? இணையச் செயலிகள் பல, வாக்கியத்தை அவையே தந்து, திரும்பச் சொல்லவைத்து, மதிப்பெண் இடுகின்றன. இப்போதோ நம்மோடு உரையாடும் பொறிகளும் வந்துவிட்டன. அவற்றிடம் அச்சமின்றிப் பேசிப் பழகலாம், கேட்டால் நமக்காக வாக்கியத்தையும் எழுதித் தந்துவிடுகின்றன. 1831இன் தோட்டவீட்டு மேடை கைக்குள் வந்துவிட்டது. அதன் நன்மையும் குறையும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

நாம் கண்ட முன்னோடிகள் அனைவரும் இரவல் குரலில்தான் தொடங்கினார்கள். அதில் இழிவு ஏதுமில்லை. தாண்டியவர்கள் ஒரு கட்டத்தில் தமக்கென்று சொல்ல வேண்டிய பொருளைக் கண்டுகொண்டார்கள். மதுசூதனருக்கு மேகநாதன், பம்மலாருக்கு அமலாதித்யன், காந்திக்குத் தம் வீட்டு உணவு. அப்பொருள் பெரும்பாலும் தாய்மொழிப் பக்கமிருந்தே வந்தது. தமிழை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்று பிள்ளைகளிடம் சொல்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

மீண்டும் அந்த மாணவி

மரத்தடியில் நின்ற பெண்ணிடம் அன்று சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. ஒரு மாதம் கழித்து அழைத்து ஒரு வேலை கொடுத்தோம். நீதிமன்றக் காட்சியை, உன் ஊர்ப் பஞ்சாயத்தில் நடந்த வழக்காக முதலில் தமிழில் சொல். பிறகு அதையே உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஐந்தே வாக்கியத்தில் சொல். கைப்பேசியில் பதிந்து நீயே கேள். பிடிக்காத வாக்கியத்தை மட்டும் மாற்று. ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறை கேட்டுத் திருத்தினார். முதல் பதிவு மிக மோசமாக இருந்தது. போர்ஷியாவின் கம்பீரம் மருந்துக்கும் இல்லை. “முன்னாடி பேசுனதே நல்லாருந்துச்சுங்கய்யா” என்று அவளே சலித்துக்கொண்டாள். ஐந்து வாக்கியம் பத்தாக மூன்று மாதம் ஆயிற்று. வழக்கில் ஷைலக் போய், வட்டிக்கு விடும் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவரை அவளுக்கு நன்றாகவே தெரியும் போலும்.

படிப்பு முடிந்து சென்றபின் ஒருநாள் அவளிடமிருந்து ஒலிப்பதிவொன்று வந்தது. வேறொரு நேர்காணலுக்குப் போகுமுன் பழகிப் பார்த்ததாம். ஆடி மாதத்தில் கொள்ளிடத்தில் புதுவெள்ளம் வரும்போது ஊரே கரையில் போய் நிற்பதைப் பற்றி, இரண்டு நிமிட ஆங்கிலம். காலப்பிழை ஒன்று, முன்னிடைச்சொற் பிழை இரண்டு. நடுவே ஒரு சொல் கிடைக்காமல் நின்று, “படித்துறை” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மேலே போகிறாள்.

அந்தப் பதிவை நாம் இன்னும் அழிக்கவில்லை.